காற்றை மட்டும் சொல்லவும்

முப்பந்தலைத் தாண்டி ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் நுழைகிற காற்று யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. சேலைத் தலைப்பை இழுக்கும். சைக்கிளை ஓரங்கட்டும். பேசுகிறவர் வாயிலிருந்து பாதிப் பேச்சைப் பிடுங்கிக்கொண்டு போகும். அந்தக் காற்றுக்கு நடுவில், ஒரு வறண்ட குளத்துக் கரையை ஒட்டி, ஒரு ரைபிள் கிளப் இருந்தது. ஓடு போட்ட கொட்டகை ஒன்று. படுத்துச் சுடுவதற்கு ஆறு மேடை. ஐம்பது மீட்டரில் ஒரு சுவர், முந்நூறு மீட்டரில் ஒரு மண்மேடு. அவ்வளவுதான்.

புரட்டாசி மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் சுயம்புலிங்கம் அங்கே வந்து ஸ்கூட்டரை நிறுத்தினார். வயது ஐம்பத்தொன்பது. முப்பது வருஷம் காற்றாலைக் கம்பெனியில் வேலை பார்த்தவர். ஏணி ஏறி ஏறி முழங்கால் தேய்ந்து, சித்திரையில்தான் ஓய்வு பெற்றிருந்தார்.

கொட்டகையில் ஜெசிந்தா டீச்சர் ஒரு ரைபிளின் குழலுக்குள் எண்ணெய்த் துணியை விட்டு இழுத்துக்கொண்டிருந்தார். நாற்பத்திரண்டு வயது. மத்தியப் போலீஸ் படைக்காக ஆறு வருஷம் சுட்டுவிட்டு, அப்பாவுக்கு முடியாமல் போனதும் ஊரோடு வந்துவிட்டவர். அன்றிலிருந்து இந்தக் கிளப்பில் சொல்லிக்கொடுக்கிறார்.

பதினாலு வருஷம் கழித்து வருகிறவரைப் பார்த்து டீச்சர் ஆச்சரியப்படவில்லை. போன சனிக்கிழமை வந்து போனவரைக் கேட்கிறதுபோல, "வாங்க அண்ணாச்சி, முட்டு எப்பிடி இருக்கு" என்றுதான் கேட்டார்.

சுயம்புலிங்கம் வழியெல்லாம் பேச்சை அடுக்கி வைத்துக்கொண்டு வந்திருந்தார். முதலில் நலம் விசாரிக்க வேண்டும், பிறகு பழைய கதை பேச வேண்டும், அப்புறம் மெல்ல விஷயத்துக்கு வர வேண்டும் என்று. எல்லாம் காற்றோடு போயிற்று.

"எம் மக ஏன் டீச்சர் துப்பாக்கியக் கீழ வெச்சா?"

டீச்சர் துணியை முழுசாக வெளியே இழுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நீங்க சுட்டிருக்கியளா அண்ணாச்சி?"

"நானா? இல்ல."

"அப்ப முதல்ல அதப் படிங்க. பொறவு கேளுங்க."

மகள் பெயர் மஞ்சரி. பதிமூன்று வயதில் ஒரு பள்ளிக்கூடப் போட்டியில் காற்றுத் துப்பாக்கியைத் தொட்டவள், அதற்குப் பிறகு நாலு வருஷம் ஒரு சனிக்கிழமைகூட விடாமல் இந்தக் கிளப்புக்கு வந்தாள். இதே ஸ்கூட்டரில்தான் அப்பா கூட்டி வருவார். சுருட்டிய பாய் இருவருக்கும் நடுவில் இருக்கும். தோவாளையில் நிறுத்தி ஒரு முழம் பிச்சிப்பூ வாங்குவார். சுடும்போது பூ கண்ணில் விழுகிறது என்று அவள் அதை ஸ்கூட்டர் கண்ணாடியில் கட்டிவிட்டுப் போவாள். திரும்பி வரும்போது பூ வாசமும் துப்பாக்கி எண்ணெய் வாசமும் சேர்ந்து அடிக்கும். அந்தக் கலவை வாசம் வேறு எங்கேயும் கிடையாது. இப்போதும் தோவாளையைக் கடக்கும்போது சுயம்புலிங்கத்துக்கு மூச்சு ஒரு தடவை நின்றுதான் வரும்.

மாநில அணித் தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு சனிக்கிழமை, ஆறு குண்டு சுட்டு முடித்து ஏழாவது குண்டைப் போட்டவள், சுடவில்லை. ரைபிளைத் திறந்து குண்டை வெளியே எடுத்தாள். அதைப் பாயின் ஓரத்தில் வைத்தாள். எழுந்து வந்து ஸ்கூட்டரில் உட்கார்ந்தாள்.

"போதும்ப்பா" என்றாள். அழவில்லை. கோபமும் இல்லை. வீட்டுக்கு வரும்வரை வேறொன்றும் பேசவில்லை.

அப்புறம் மருந்தியல் படித்தாள். ஆக்லாந்துக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுவாள். அம்மா கோமதியோடு ஒரு மணிநேரம் சிரிப்பும் பேச்சுமாய் ஓடும். அதற்குப் பிறகு போன் அப்பா கைக்கு வரும். சாப்பிட்டாச்சா, மழை உண்டா, உண்டு மக்ளே, சரிப்பா. முடிந்தது.

அந்தப் பேச்சு என்றைக்கிலிருந்து இப்படி இளைத்துப் போனது என்று யோசித்தால் சுயம்புலிங்கத்துக்கு அந்தச் சனிக்கிழமைதான் நினைவுக்கு வரும். சத்தத்துக்குப் பயந்தாளா, தோள் வலித்ததா, கிளப்பில் யாராவது ஏதாவது சொன்னார்களா என்று பதினாலு வருஷமாக மனசுக்குள் உருட்டிப் பார்த்துவிட்டார். ஒன்றும் பொருந்தவில்லை.

இப்போது பொங்கலுக்கு அவள் வருகிறாள். ஆறு வருஷத்துக்குப் பிறகு, பன்னிரண்டு நாள் லீவில். அவளை ஒரு தடவை இங்கே கூட்டி வர வேண்டும் என்று அவருக்கு ஆசை. அதைத் தப்பான வார்த்தையில் கேட்டு, மிச்சம் இருக்கிற அந்த 'மழை உண்டா'வும் போய்விடுமோ என்று பயம். அவள் வருவதற்கு முன்னால் காரணம் தெரிந்தாக வேண்டும். அதற்காகத்தான் வந்திருந்தார்.

கிளப்பில் சேருவதற்கான காவல்துறைக் காகிதங்கள் எல்லாம் கையெழுத்தாகி வர மூன்று வாரம் ஆயிற்று. கோமதி சிரித்தாள்.

"காத்தாடி ஏறி முடிச்சாச்சு. இனி துப்பாக்கியா? வீட்டுல எலி இருக்கு, முதல்ல அதச் சுடுங்க."

ஆனால் அந்த வெள்ளிக்கிழமை முப்பந்தல் இசக்கியம்மனுக்கு விளக்குப் போட்டு, குங்குமத்தை மடித்து அவர் சட்டைப் பையில் வைத்தாள்.

டீச்சர் அவர் கையில் துப்பாக்கியைக் கொடுக்கவில்லை. ஒரு டப்பாவில் மைதாப் பசையும், கறுப்பும் வெள்ளையுமாக வெட்டிய காகிதத் துண்டுகளும் கொடுத்தார். முந்நூறு மீட்டர் மேட்டுக்கு முன்னால் ஆள் உயரத்துக்கு ஒரு குழி உண்டு. சிமெண்டுச் சுவர் கட்டியது. குழிக்குள் நின்றுகொண்டு, குறிப்பலகையைக் கயிற்றால் மேலே ஏற்ற வேண்டும். மேலே ஒருவர் பத்துக் குண்டு சுட்டு முடித்து, சிவப்புக் கொடி ஏறியதும் பலகையை இறக்கி ஓட்டைகளை ஒட்ட வேண்டும். புதிதாகச் சேருகிற எல்லோரும் முதலில் இதைத்தான் செய்ய வேண்டும் என்பது அந்தக் கிளப்பின் வழக்கம்.

தலைக்கு மேலே குண்டு போகும்போது, புதுக் கோடித் துணியைக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம். முதல் நாள் சுயம்புலிங்கம் ஒவ்வொரு குண்டுக்கும் குனிந்தார். மூன்றாவது வாரம் குனியவில்லை.

ஒட்டிய ஓட்டைகளைப் பார்த்துப் பார்த்து அவருக்கு ஆட்கள் தெரிய ஆரம்பித்தார்கள். பல் டாக்டர் சாகுல் சுட்டால் ஓட்டைகள் கீழே இறங்கிக்கொண்டே போகும். காலேஜ் வாத்தியாருக்கு முதல் மூன்றும் நடுவில் விழும், நாலாவது எங்கேயோ போகும். சுடுகிறவர் முகம் தெரியாத இடத்தில் நின்றுகொண்டு அவர் மனசு நடுங்கின இடத்தைக் கையால் தடவிப் பார்க்கிறோம் என்று சுயம்புலிங்கத்துக்குத் தோன்றியது.

ஐப்பசி பாதியில் டீச்சர் அவரைப் பாயில் படுக்க வைத்தார். இடது முழங்கை ரைபிளுக்கு நேர் கீழே. தோல் வார் கையைச் சுற்றி. ரைபிளின் மரக்கட்டை தோள் குழியில். குண்டு கிடையாது. குழலின் நுனியில் ஒரு புளியங்கொட்டையை வைத்தார்.

"இது விழாம விசைய இழுங்க."

விழுந்தது. திரும்ப வைத்தார். விழுந்தது. அன்றைக்கு மட்டும் நாற்பது தடவை விழுந்தது.

"குண்டே இல்லையே டீச்சர். எதுக்கு எனக்கு உடம்பு தூக்கிப் போடுது?"

"வரப் போவுதுன்னு நெனைக்கிய. அது போதும்."

வீட்டில் கூடத்தில் பாயை விரித்து, ஒரு துடைப்பக் கம்பின் மேல் புளியங்கொட்டையை வைத்துப் பழகினார். கோமதி அவரைத் தாண்டித் தாண்டி நடந்து வேலை பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, அண்ணனுக்கு இடுப்புப் பிடிப்பா என்று விசாரித்துப் போனாள்.

பத்து நாளில் கொட்டை நின்றது. ஐம்பது மீட்டரில் நிஜக் குண்டு கொடுத்தார் டீச்சர். முதல் குண்டு சுட்டதும் சுயம்புலிங்கம் சட்டென்று தலையைத் தூக்கிப் பார்த்தார். இரண்டாவதற்கும் அப்படியே. மூன்றாவதற்கும்.

"குண்டு போயிட்டு அண்ணாச்சி. நீங்க எங்க போறிய?"

"எங்க விழுந்துன்னு பாக்காண்டாமா?"

"அது விழுந்த எடத்துலதான் இருக்கும். நீங்க கொஞ்ச நேரம் அப்பிடியே இருங்க."

அவருக்கு அது பெரிய கஷ்டமாக இருந்தது. முப்பது வருஷமும் ஒரு வேலையைச் செய்தால் உடனே மீட்டரைப் பார்த்துப் பழகியவர். இங்கே பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. பழைய நாளில் ஒவ்வொரு மேடைக்குப் பின்னாலும் ஒரு முக்காலியும், முக்காலி பக்கத்தில் ஒரு டெலஸ்கோப்பும் இருக்கும். அவர் மஞ்சரிக்குப் பின்னால் அதில்தான் கண்ணை வைத்துக்கொண்டு இருப்பார். இப்போது முக்காலி இருந்தது. டெலஸ்கோப் எல்லாவற்றையும் டீச்சர் அலமாரியில் பூட்டி வைத்திருந்தார். கொட்டகைச் சுவரில் நீலப் பெயிண்டில் ஒரு பலகை. பின்னால் இருப்பவர் காற்றை மட்டும் சொல்லவும்.

அவர் காலத்தில் அந்தப் பலகை கிடையாது. ஏதோ சர்க்கார் விதியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

ஒருநாள் பல் டாக்டருக்குப் பின்னால் உட்காரும் முறை அவருக்கு வந்தது. காற்று எந்தப் பக்கமிருந்து, எவ்வளவு என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தார். ஆனால் மடியில் ஒரு துணிப்பை இருந்தது. பைக்குள் கம்பெனியில் ஓய்வு பெறும்போது கொடுத்த பைனாகுலர் இருந்தது. காற்றாலை இறக்கையில் கீறல் பார்க்கிற பைனாகுலர். கை சும்மா இருக்குமா? இரண்டாவது குண்டுக்கு எடுத்துக் கண்ணில் வைத்துவிட்டார்.

"பத்துக்கு எட்டு. வலத்த போயிட்டு டாக்டரே" என்றார்.

சாகுல் தலையைத் தூக்காமல், படுத்தபடியே சொன்னார். "அண்ணாச்சி, நான் பல்லு புடுங்கும்போது பின்னால நின்னு வேரு எத்தனைன்னு எண்ணுவியளா?"

கொட்டகையில் எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. கையை நீட்டினார். சுயம்புலிங்கம் பைனாகுலரை அந்தக் கையில் வைத்தார். அன்றைக்கு முழுக்க அவர் குழிக்குள் நின்று ஓட்டை ஒட்டினார்.

கார்த்திகை பிறந்ததும் முந்நூறு மீட்டருக்கு ஏறினார். அங்கே குறி கண்ணுக்கு ஒரு கறுப்பு மிளகு. அன்று கணவாயில் காற்றாலைகள் எல்லாம் வேகமாகச் சுழன்றுகொண்டிருந்தன. சுயம்புலிங்கம் தலையைத் தூக்கிப் பார்த்தார். இறக்கை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, ஒரு சுற்றுக்கு எத்தனை நொடி, எல்லாம் அவருக்கு மனப்பாடம். அந்தக் காற்றுக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டு, குறியை விட்டு நன்றாகவே இடப்பக்கம் தள்ளிப் பிடித்தார். மூன்று குண்டு சுட்டார். மூன்றும் பலகையில் இல்லை. குழியிலிருந்து யாரோ கொடியை ஆட்டி, ஆள் இருக்கிறாரா, சுடுகிறாரா என்று கேட்டார்கள்.

"காத்து எனக்குத் தெரியும் டீச்சர். முப்பது வருசம் அதுலதான கெடந்தேன்."

"எவ்வளவு உயரத்துல?"

"எம்பது மீட்டர்."

டீச்சர் அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். மேடைக்கும் மேட்டுக்கும் நடுவில் முழங்கால் உயரத்துக்குக் காய்ந்த கோரைப்புல் நின்றது. குளத்துக் கரை மறைப்பில் அது அசையாமல் இருந்தது. நூறு மீட்டர் தாண்டி ஒரே ஒரு இடத்தில் மட்டும், கரை உடைந்த பக்கம், மெதுவாகத் தலை சாய்த்தது.

"குண்டு இது வழியால்லா போவுது அண்ணாச்சி."

சுயம்புலிங்கம் வெகுநேரம் அந்தப் புல்லைப் பார்த்தார். இத்தனை வருஷம் மேலே ஏறுகிற அவசரத்தில், காலடியில் என்ன காற்று அடிக்கிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை என்பது அவருக்கே வேடிக்கையாக இருந்தது. கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. அன்றைக்கு மிச்சம் இருந்த ஏழு குண்டில் ஐந்து பலகையில் விழுந்தது.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் அவர் கைக்கு வந்தது. சாப்பிட்டாச்சா, மழை உண்டா எல்லாம் முடிந்தது. சரிப்பா என்று சொல்வதற்கு முன்னால் அவர் அவசரமாக, வரும்போது அந்தக் கிளப் பக்கம் ஒரு நாள் போவமா மக்ளே என்று கேட்டுவிட்டார்.

அந்தப் பக்கம் ஏதோ ஒரு பாத்திரத்தைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"பாக்கலாம்ப்பா" என்றாள் மஞ்சரி.

மறுநாளே அவர் கிளப்புக்குப் போனார். திங்கட்கிழமை. டீச்சர் தனியாக இருந்தார்.

"படிச்சாச்சு டீச்சர். இன்னும் பதினெட்டு நாள்தான் இருக்கு. இப்ப சொல்லுங்க, அவ ஏன் கீழ வெச்சா?"

டீச்சர் பாயை விரித்தார். ஐந்து குண்டு எடுத்து வைத்தார். சுடச் சொன்னார்.

சுயம்புலிங்கம் சுட்டார். அவசரம் இல்லை. புல்லைப் பார்த்தார், மூச்சை விட்டார், இழுத்தார், சுட்ட பிறகும் அப்படியே கிடந்தார். குறிப்பலகையை இறக்கிப் பார்த்தபோது ஐந்து ஓட்டையும் ஒரு உள்ளங்கைக்குள் அடங்கின. அவர் வாழ்க்கையிலேயே நன்றாகச் சுட்டது அதுதான்.

டீச்சர் ஓட்டைகளை ஒட்டிவிட்டு வந்தார். இன்னும் ஐந்து குண்டு வைத்தார். பிறகு அலமாரியைத் திறந்து ஒரு டெலஸ்கோப்பை எடுத்து, அவருக்குப் பின்னால் முக்காலி போட்டு உட்கார்ந்தார்.

முதல் குண்டு சுட்டார்.

"எட்டு" என்று காதுப் பஞ்சையும் தாண்டிக் கேட்டது.

சுயம்புலிங்கத்துக்கு வியப்பாக இருந்தது. டீச்சரே தன் பலகையை மீறுகிறாரே என்று நினைத்தார். இரண்டாவது சுட்டார்.

"ஏழு. என்ன இது?"

அந்தக் குரல் டீச்சர் குரல்தான். ஆனால் அந்தப் பேச்சு அவருக்கு எங்கேயோ கேட்டுப் பழகியதாக இருந்தது. மூன்றாவது குண்டுக்கு விரல் விசையில் ஒட்டவில்லை. இழுத்தார்.

"ஒம்பது. பாத்தியா, நெனச்சா முடியுதுல்லா?"

அது பாராட்டுத்தான். இருந்தும் முதுகில் ஒரு கல்லைத் தூக்கி வைத்த மாதிரி இருந்தது. ஒன்பதைக் காப்பாற்ற வேண்டும் என்று கை இறுகியது. புல்லைப் பார்க்க மறந்துவிட்டது. நாலாவதைச் சுட்டார்.

"அஞ்சு. கவனம் எங்க இருக்கு?"

ஐந்தாவது குண்டைப் போட்டார். கண்ணைக் குறியில் வைத்தார். குறி தெரியவில்லை. பின்னால் இருப்பவர் மூச்சு விடுகிற சத்தம்தான் தெரிந்தது. எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தாரோ. பிறகு ரைபிளைத் திறந்தார். குண்டை வெளியே எடுத்தார். அதைப் பாயின் ஓரத்தில் வைத்தார்.

வைத்த பிறகுதான் தன் கையைப் பார்த்தார்.

காற்று கணவாயில் போய்க்கொண்டிருந்தது. டீச்சர் டெலஸ்கோப்பைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தார். சுயம்புலிங்கம் எழுந்து உட்கார்ந்து சுவர்ப் பலகையைப் பார்த்தார். நீலப் பெயிண்ட் ஓரங்களில் உரிந்திருந்தது.

"அந்தப் போர்டு எப்பம் எழுதினது டீச்சர்?"

"அவ எந்திரிச்சுப் போன சனிக்கெழமைக்கு அடுத்த திங்கக்கெழம."

அவர் பாயின் ஓரத்தில் கிடந்த குண்டை எடுத்து டீச்சரிடம் நீட்டினார். பிறகு, அன்றைக்கே என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றார். குரலில் குறை இல்லை. கேட்டுக்கொண்டார், அவ்வளவுதான்.

"எனக்கு அப்ப இருவத்தெட்டு வயசு அண்ணாச்சி. உங்களப் பாத்தா பயம். அதான் சொவருட்டச் சொன்னேன்."

வீட்டுக்குப் போனதும் அவர் பீரோவைத் திறந்து மஞ்சரியின் பழைய குறி அட்டைகளை எடுத்தார். நாலு வருஷத்து அட்டைகள். கோமதி பாச்சை உருண்டை போட்டு, துணி சுற்றி வைத்திருந்தாள். ஒவ்வொரு அட்டையின் மூலையிலும் சிவப்பு மையில் அவர் கையெழுத்து இருந்தது. கூட்டுத்தொகை, அதன் கீழே ஒரு வரி. இன்னும் கவனம் தேவை. போன வாரத்தைவிட மோசம். பரவாயில்லை. அவர் எழுதாத ஒரு அட்டையாவது இருக்குமா என்று தேடினார். கடைசியாக ஒன்று கிடைத்தது. ஆறு ஓட்டை மட்டும் இருந்த அட்டை. அதில் எழுத அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

அதை மட்டும் தனியாக எடுத்துச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தார். கோமதி பார்த்தாள். கேட்கவில்லை.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் மஞ்சரி வந்தாள். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். சிரித்தால் அதே பல். வீட்டில் அவர் கிளப்பைப் பற்றி வாயே திறக்கவில்லை. கேட்க வேண்டும் என்று இருபது தடவை நாக்கு நுனிக்கு வந்தது, இருபது தடவையும் முழுங்கினார். ஆறாம் நாள் காலையில் அவளே கூடத்தில் துடைப்பக் கம்பையும் புளியங்கொட்டையையும் பார்த்துவிட்டு அம்மாவிடம் கேட்டாள்.

"அப்பா நெசமாவே சுடுதாவளா?"

"எலியத் தவிர எல்லாத்தையும் சுடுதாவ" என்றாள் கோமதி.

அந்தச் சனிக்கிழமை பழைய ஸ்கூட்டரிலேயே போனார்கள். மஞ்சரி பின்னால் உட்கார்ந்தாள். பாய் நடுவில் இருந்தது. தோவாளையில் அவர் நிறுத்துவதற்கு முன்னாலேயே அவள் தோளைத் தட்டினாள். ஒரு முழம் பிச்சிப்பூ வாங்கி, தலையில் வைக்காமல், கண்ணாடியில் கட்டினாள். வாசம் மட்டும் கூடவே வந்தது.

ஜெசிந்தா டீச்சர் அவளைக் கட்டிக்கொண்டார். உறுப்பினர் புத்தகத்திலிருந்து இன்னும் அவள் பெயரை நீக்கவில்லை என்றார். மஞ்சரி கொட்டகையைச் சுற்றிப் பார்த்தாள். மேடை, முக்காலி, கோரைப்புல், மண்மேடு. சுவர்ப் பலகை முன்னால் நின்று ஒரு தடவை படித்தாள். இன்னொரு தடவையும் படித்தாள். திரும்பி அப்பாவைப் பார்க்கவில்லை.

"அஞ்சே அஞ்சு சுட்டுப் பாக்கட்டா டீச்சர்?"

படுத்தாள். வாரைக் கையில் சுற்றிக்கொண்ட விதத்தில் பதினாலு வருஷம் காணாமல் போயிற்று. சுயம்புலிங்கம் பின்னால் முக்காலியில் உட்கார்ந்தார். கை இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். கரை உடைந்த இடத்துப் புல்லைப் பார்த்தார்.

"எடப்பக்கமிருந்து. லேசா."

சுட்டாள். குண்டுச் சத்தம் கணவாயில் மோதித் திரும்பி வந்தது. அவர் புல்லை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"கொஞ்சம் கூடியிருக்கு."

சுட்டாள்.

"நின்னுட்டு."

சுட்டாள். இப்படியே ஐந்தும் முடிந்தது. மஞ்சரி எழுந்திருக்கவில்லை. கன்னத்தைக் கட்டையில் வைத்தபடியே, திரும்பாமல் கேட்டாள்.

"எங்க விழுதுப்பா?"

"தெரியல மக்ளே. நான் புல்லப் பாத்துக்கிட்டிருந்தேன்."

அவள் முதுகு ஒரு தடவை ஏறி இறங்கியது. ஸ்கூட்டர் கண்ணாடியில் கட்டிய பூ மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"இன்னும் அஞ்சு தருவியளா டீச்சர்?"

டீச்சர் ஐந்து குண்டைக் கொண்டுவந்து பாயின் ஓரத்தில் வைத்தார். அவள் ஒன்றை எடுத்துப் போட்டாள். குறியில் கண் வைத்தாள்.

"காத்து எப்பிடிப்பா?"

சுயம்புலிங்கம் புல்லைப் பார்த்தார். புல் கலங்கலாகத் தெரிந்தது. கண்ணைச் சிமிட்டினார். அப்போதும் கலங்கலாகத்தான் இருந்தது. வாயைத் திறந்தால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்று சும்மா இருந்தார்.

"அப்பா?"

டீச்சர் அவர் முகத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு முந்நூறு மீட்டருக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு, தணிந்த குரலில் சொன்னார்.

"அவசரம் இல்ல மஞ்சரி. அண்ணாச்சி பாத்துக்கிட்டிருக்காவ."